அத்தை குளித்துக்கொண்டிருக்கிறாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம். என் தங்கச்சி, உன் அத்தையும் சௌக்கியம், ஆனால் அவள் சௌக்கியமாக இருப்பது அவளுடைய வீட்டில். இந்த வீட்டுக்கு அவள் வரவில்லை, வரப்போவதும் இல்லை. உடனே போனை எடுத்து என்னைத் திட்ட ஆரம்பித்துவிடாதே, முழுதும் படித்துவிட்டுத் திட்டு. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் இதைச் சத்தமாகப் படிக்கவும் வேண்டாம்.

மாப்பிள்ளை அங்கே போய் இறங்கியதிலிருந்து நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் அத்தை எங்கே, அத்தையிடம் கொடுங்கள் என்கிறீர்கள். முதல் நாள் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். அடுத்த தடவை கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். அதற்கடுத்த தடவை வேறெதுவும் தோன்றாமல் மறுபடியும் குளிக்கிறாள் என்று வாயில் வந்துவிட்டது, அங்கிருந்து மாப்பிள்ளை, "இந்த நேரத்துலயா மாமா, சளி புடிச்சுக்கப் போகுது, சொல்லுங்க" என்கிறார். அந்த மனுஷனுக்குச் சந்தேகமே வராது. நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான், எல்லோரும் எல்லோரிடமும் பேசியாக வேண்டும், அத்தையை நான் எங்கிருந்து கொண்டுவந்து பேச வைப்பது? பெண் குரலில் பேசவும் எனக்கு வராது, கண்டக்டர் தொண்டை. அதனால்தான் இந்த வாரம் முழுக்கப் போன் அடித்தும் நான் எடுக்கவில்லை, அப்பாவுக்குச் சின்ன இருமல், பேச முடியவில்லை என்று செய்தி மட்டும் அனுப்பினேன். இருமலும் பொய்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதற்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கிறது, எனக்கு இந்த வயசில் அவ்வளவு ஞாபகசக்தி இல்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

இந்தப் பொய்யில் நான் எப்படி வந்து விழுந்தேன் என்பதற்கு, மாப்பிள்ளையை அங்கே வரவழைக்க நீ போட்ட ஸ்பான்சர் விண்ணப்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன் பக்கத்துக் கதை உனக்குத் தெரியும், என் பக்கத்துக் கதையைக் கேள். நீ கல்யாணத்துக்கு வந்து லீவு முடிந்து லேப் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு, தன் அண்ணன் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை நான்தான் இங்கே வந்து இருங்கள் என்றேன். அம்மா போன பிறகு இந்த வீடு எனக்கு மட்டும் பெரிதாகிவிட்டிருந்தது, அதுவும் ஒரு காரணம். வீட்டோடு மாப்பிள்ளை என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் நாங்கள் இருவரும் பட்ட பாடு இருக்கிறதே, யார் முதலில் சாப்பிட உட்காருவது என்று இருவரும் நின்றுகொண்டே இருந்து எல்லாம் ஆறிப்போகும். ஊரிலுள்ள அறைகளையெல்லாம் குளிர வைக்கிற ஏ.சி. மெக்கானிக், என் முட்டிவலிக்கு ஆகாது என்று இந்த வீட்டில் ஒரு டேபிள் ஃபேனோடு படுத்துக்கிடந்தார். நான் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டால் அவர் வரி விளம்பரத்தைப் படிப்பார், கேட்க மாட்டார். நல்ல துணை. உன் அம்மாவைவிட அமைதியான துணை என்று சொன்னால் அவள் எங்கிருந்தாலும் முறைப்பாள்.

விண்ணப்பத்துக்குப் படங்கள் வேண்டும் என்று உன் வக்கீலம்மா கேட்டபோது நான்தான் பெரிய மனுஷத்தனமாக ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற படம், அதிகாரி பார்ப்பார், நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார் என்றுதான் என் புத்தி போனது. நீங்கள் இருவரும் தள்ளித் தள்ளி விறைப்பாக நிற்க, சுற்றிலும் சித்தப்பாவும் பெரியம்மாவும் என் டிப்போ ஆட்களும் வரிசை கட்டி நிற்கிற படங்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். கடற்கரையில் நீ அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாயே, அந்தப் படத்தை அலமாரியில் பேப்பருக்கு அடியில் வைத்துவிட்டேன். இதெல்லாம் எதற்கு ஊரான் கண்ணுக்கு என்று. மாப்பிள்ளையும் அதைத் தேடினார், என்னிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

அப்புறம் நேர்காணல். அதிகாரி அவரிடம், உங்கள் மனைவி உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டிருக்கிறார். இவர், "பேரு சொல்லியெல்லாம் கூப்பிட மாட்டாங்க சார், இங்க பாருங்கன்னு சொல்வாங்க, நான் பாப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள் என்றதற்கு, "சண்டையா, எங்களுக்குள்ள ஒரு நாளும் வந்ததில்ல சார்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை நாளைக்கு ஒரு தடவை பேசுவீர்கள் என்றதற்கு, மாமா போனில் தினமும் பேசுகிறோம் என்று ஒரு போடு போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஒப்பித்தார், நானும் முதுகில் தட்டிக்கொடுத்தேன். இரண்டு முட்டாள்களும் அன்றைக்கு ஹோட்டலில் போய்ச் சாப்பிட்டோம்.

அந்த அலுவலகத்திலிருந்து பதில் வந்ததும் நீ போனில் படித்துக்காட்டியதை நான் மறக்க மாட்டேன். உண்மையான திருமணம் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை, ஒரு மாதத்துக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. படங்களைப் பார்த்தால் ஏதோ அலுவலக விழாவில் எடுத்தது மாதிரி இருக்கிறதாம். நீ கொடுத்த போன் பட்டியலில் இருப்பதெல்லாம் என் நம்பராம், மனைவி தன் அப்பாவோடு தினமும் மணிக்கணக்கில் பேசுகிறார், கணவரின் நம்பரைக் காணவே காணோம் என்று எழுதியிருந்தார்கள். நீ அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாய். நான் அந்த அதிகாரியை வாய்க்கு வந்தபடி திட்டினேன், பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவனைக்கூட அப்படித் திட்டியிருக்க மாட்டேன். மாப்பிள்ளை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டி ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்த ஆள் எழுதியதில் என்ன தப்பு? நீ கூப்பிட்டால் அவர்தான், "மாமா தனியா உக்காந்திருக்காரு, அவரு போன்லயே கூப்பிடு" என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறார். நான் போனை மேஜையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு பஸ் ரூட் மாறியதிலிருந்து தண்ணி வராததுவரை பேசித் தீர்ப்பேன், கடைசியில் அவர் எட்டிப் பார்த்து, சாப்பிட்டியா, அங்க குளிரா என்று இரண்டு வார்த்தை கேட்பார், நீ உம் என்பாய், அவ்வளவுதான். பெரியவர்கள் முன்னால் கூடாது என்று நாம் மறைத்து வைத்ததையெல்லாம் அவர்கள் இல்லவே இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன். அன்றைக்கு நீ அழுதபோது எனக்கும் நெஞ்சு கனத்தது, பொய்யில்லை. ஆனால் போய்ப் படுத்த பிறகு, சரி, இன்னும் கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டில் இன்னொரு ஆள் இருமுகிற சத்தம் இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. பெற்ற பெண் அங்கே அழுகிறாள், இங்கே எனக்கு நிம்மதி. என் மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது. மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்து அந்தக் கடற்கரைப் படத்தை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து, "நல்ல வெளிச்சத்துல எடுத்திருக்காங்க மாமா" என்று அசடு வழிந்தார்.

செய்தி அனுப்பிக்கொண்டதெல்லாம் வேண்டும் என்று வக்கீலம்மா கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இரண்டு பேரும் இத்தனை நாளும் போனில் எழுதி எழுதித் தள்ளியிருக்கிறீர்கள். நானோ அவர் ராப்பகலாக கம்ப்ரசருக்கு ஆர்டர் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாவம் மனுஷனுக்கு எவ்வளவு வேலை என்று பால்கூட ஆற்றிக் கொடுத்திருக்கிறேன். அதையெல்லாம் அதிகாரி படிப்பாரே என்று கூச்சப்பட்டு முதலிலேயே கொடுக்க வேண்டாம் என்று உன்னிடம் சொல்லிவிட்டாராம். ஜெராக்ஸ் கடையில் அதை பிரிண்ட் எடுத்த அன்று நானும் கூடப் போனேன். கடைக்கார அம்மா முதல் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய நின்னீங்கன்னா நல்லது" என்றாள். நான் ரோட்டில் நின்று போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு தாளையும் கவிழ்த்து வைத்து அடுக்கி, நூல் போட்டுக் கட்டி, ஒரு வார்த்தை படிக்காமல் கொடுத்தாள். மாப்பிள்ளை வெளியே வரும்போது காது வரைக்கும் சிவந்திருந்தது. நான் அன்றைக்கு அந்தப் பக்கமே திரும்பவில்லை, உன் மேல் சத்தியம்.

நேரில் பார்த்தவர் யாராவது சாட்சிக் கடிதம் தரவேண்டும் என்றார்கள், அதை நான் எழுதினேன், உனக்கு வக்கீலம்மா காட்டினாளா தெரியாது. என்ன எழுதுவது என்று முழுநாள் விழித்தேன். அன்பு, பாசம் என்று எழுதினால் எல்லோரும் எழுதுவதுதான். கடைசியில் குடை விஷயத்தை எழுதினேன். மாப்பிள்ளை காலையில் எழுந்ததும் போனில் பார்ப்பது உன் ஊர் வானிலையைத்தான், இந்த ஊர் வானிலை அவருக்குத் தெரியாது. ஒரு நாள் இங்கே மண்டையைப் பிளக்கிற வெயிலில் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். என்ன மாப்பிள்ளை என்றேன். "சாயங்காலம் மழைன்னு போட்டிருக்கான் மாமா" என்றார். வாசல்வரை போய்விட்டுத்தான் அந்த மழை உன் தெருவில் பெய்யப்போகிற மழை என்று அவருக்கே உறைத்தது. குடையை மாட்டிவிட்டு ஒன்றும் நடக்காதது மாதிரி போய்விட்டார். இதைத்தான் எழுதி, நான் நிறையப் பேரைப் பார்த்த ஆள், டிக்கெட் எடுக்காதவன் முகம் எனக்குத் தெரியும், இவர் அந்த ரகம் இல்லை என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். அது போதுமா போதாதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து நீ கூப்பிடும் நேரத்துக்கு நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விடுவேன். உங்களுக்குப் பேச நேரம் வேண்டும், பட்டியலில் அவர் நம்பரும் வர வேண்டும். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவேன். ஒரு வேலையும் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

விசா வந்த செய்தியை மாப்பிள்ளை ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் ஏணி மேலே நின்றுகொண்டு பார்த்திருக்கிறார். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை சொல்லவில்லை. சொன்ன பிறகும் சந்தோஷமாகச் சொல்லவில்லை, தப்பு செய்தவர் மாதிரி சொன்னார். அன்று நாம் மூன்று பேரும் பேசிச் சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. டிக்கெட் போட்டாச்சா என்று நீ கேட்கும்போதெல்லாம் கம்பெனியில் கணக்கு முடிக்கவில்லை, சீசன் முடியட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, கம்பெனியில் எப்போதோ கணக்கு முடித்துவிட்டார்கள். இவர் வீட்டில் உட்கார்ந்து ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டுகிற குழாயை மாற்றினார். என் கட்டில் தலைமாட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி லைட் ஸ்விட்ச் வைத்தார். பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தார், அதைப் பிடித்து அவரே தொங்கிப் பார்த்தார். அடுப்பைத் திறக்கிற பக்கத்துக்கும் மூடுகிற பக்கத்துக்கும் பெயிண்டில் புள்ளி வைத்தார். டாக்டர் நம்பரைச் சுவரில் இவ்வளவு பெரிதாக எழுதினார், தெருவில் போகிறவன்கூடப் படிக்கலாம். ஒவ்வொன்று முடிந்ததும் இன்னொன்று கண்ணில் படும். எனக்குப் புரிந்துவிட்டது, இந்த வீட்டில் ரிப்பேர் முடியவே முடியாது, முடிகிறவரை இவர் கிளம்பவும் மாட்டார். விசாவுக்கோ கடைசித் தேதி ஒன்று இருக்கிறது, அதற்குள் போய் இறங்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

ஒரு நாள் சாயங்காலம் அவர் உன்னிடம், "இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது, போனை வைத்ததும், வீட்டோட மாப்பிள்ளையா இங்கயே கிடந்துடலாம்னு பாக்குறீங்களா என்று கேட்டுவிட்டேன். எதிர்வீட்டுக்காரன்கூட நேருக்கு நேர் கேட்காத வார்த்தை. மனுஷர் முகம் செத்துவிட்டது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "நீங்க எவ்வளவு வேணா திட்டுங்க மாமா. நான் போனா இந்த வீட்டுல உங்ககூட ஒரு வார்த்தை பேச யாரு இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க, நான் இன்னைக்கே டிக்கெட் போடுறேன்" என்றார். நான் என்ன சொல்வேன்? பதில் இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறார். அப்போதுதான் என் வாயிலிருந்து, என் தங்கச்சி வர்றா என்று வந்தது.

வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எப்ப வர்றாங்க என்றார், அடுத்த மாசம் என்றேன். ஏன் என்றார், மருமகளோடு ஒத்துப்போகவில்லையாம் என்றேன், பாவம் அந்தப் பெண் தங்கமான பெண், அவள் தலையில் கட்டிவிட்டேன். மாப்பிள்ளை முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டார். நானும் அதோடு விட்டுவிடாமல் அத்தைக்குப் போன் செய்து நிஜமாகவே கேட்டேன், பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவள், "அண்ணா, நான் வந்துட்டா இந்த ரெண்டு வாண்டுங்களையும் யாரு பாத்துக்குவா? பையனும் மருமகளும் வேலைக்குப் போகணுமே. வேணும்னா நீ இங்க வந்துடேன்" என்றாள். அங்கே ஏற்கெனவே ஆளுக்கொரு மூலையில் சுருண்டு படுக்கிறார்கள், நான் போய் எந்த மூலையில் படுப்பது. பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். மாப்பிள்ளை அதற்குள் அத்தைக்கு அறையைத் தயார்செய்ய ஆரம்பித்துவிட்டார். புதுத் தலையணை, புது விரிப்பு வாங்கிவந்தார். அத்தை குள்ளமாயிற்றே என்று கண்ணாடியைக் கழற்றிக் கீழே இறக்கி மாட்டினார். அவர் ஆணி அடிக்கும்போது நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன் பாப்பா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பெட்டியைப் பிரித்துவிடுவார், நீ மறுபடியும் அழுவாய்.

ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. உள்ளே போகும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு அத்தை வந்ததும் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க மாமா, மாத்திரை விஷயமெல்லாம் அவங்ககிட்ட சொல்லணும்" என்றார். சரி சரி, லேட்டாகுது, கெளம்புங்க என்று பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே தள்ளுகிற மாதிரி தள்ளிவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் உளறியிருப்பேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பஸ்ஸில் திரும்பி வந்தேன், கூட்டமே இல்லாத பஸ், கண்டக்டர் பையன் முன்சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தான்.

இப்போது வீடு எப்படி இருக்கிறது என்றால், நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு குழாய் சொட்டவில்லை. சொட்டினாலாவது சத்தம் இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் நெரிசலில் நின்று, முன்னால போ, உள்ள போ என்று கத்தியே பிழைத்தவன் நான், ஒருத்தர் மூச்சு மேலே படாமல் ஒரு நாள் கழிந்ததில்லை. இப்போது மீட்டர் பார்க்க வந்தவரை உட்கார வைத்து டீ கொடுத்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குடித்தார். டிப்போ பக்கம் போனால் புதுப் பையன்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், கொடுத்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்து எதிர் நாற்காலியில் வைத்துவிட்டு நான் மீதியைப் படிக்கிறேன். அளவு தெரியாமல் சமைத்துவிடுகிறேன், இரண்டு நாளைக்கு அதையே சுட வைத்துச் சாப்பிடுகிறேன். அத்தை அறையில் புதுத் தலையணை பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது. போய்க் கண்ணாடி முன்னால் நின்றால் எனக்கு நெஞ்சுதான் தெரிகிறது, தலை தெரியவில்லை. தனியாக இருக்கிறேன் பாப்பா. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் சங்கதி.

அவரிடம் இப்போதே இதைச் சொல்லாதே. அவருக்கு அங்கே ஏ.சி. வேலை பார்க்க லைசென்ஸ் கிடைத்து, ஒரு வேலையில் கால் ஊன்றட்டும், அப்புறம் நீ பக்குவமாகச் சொல். முதலிலேயே தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து வாசலில் நிற்பார், செய்யக்கூடிய ஆள்தான். நீ வேலை முடிந்து வந்ததும் அவரோடு உட்கார்ந்து பேசு. அவராக எதையும் சொல்ல மாட்டார், நீதான் கிண்ட வேண்டும். அவ்வப்போது நன்றாகச் சண்டையும் போட்டுக்கொள்ளுங்கள், நாளைக்கு எந்த அதிகாரி எதைக் கேட்பானோ. பனியில் ஏணி ஏற விடாதே. கையுறை வாங்கிக் கொடு, வேலைக்காரன் கை மரத்துப்போகக் கூடாது. படத்தை எடுத்து ஹாலில் மாட்டிக்கொள்ளுங்கள், அந்தக் கடற்கரைப் படத்தைத்தான், யார் வந்து பார்த்தால் என்ன.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைத்திருக்கிறேன் போலிருக்கிறது. விசா வந்த அன்று நீ போனில், அடுத்து உங்களுக்கும் விண்ணப்பம் போடட்டுமாப்பா என்று கேட்டாய். நான், எனக்கெதுக்கும்மா அதெல்லாம், அந்தக் குளிர்ல வந்து நான் என்ன பண்ணப்போறேன் என்று சொன்னேன். நீயும் சரிப்பா, உங்க இஷ்டம் என்று விட்டுவிட்டாய். ஏன் விட்டாய்? நம் வீட்டில் எதையாவது யாராவது முதல் தடவையே சரி என்று வாங்கியிருக்கிறோமா? வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால்கூட வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், நாம் விட்டுவிடுவோமா? உன் அம்மாவாக இருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பெட்டியைக் கட்டியிருப்பாள். அங்கே இருப்பவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போல, நீயும் அப்படியே பழகிவிட்டாய், உன்னைக் குறை சொல்லவில்லை. வருஷக்கணக்காகும் என்று தெரியும். ஆகட்டும். என் பெண்ணுக்கு நான் அப்பாதானா என்று அவர்கள் ஆதாரம் கேட்டால் நானும் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறேன், என்ன இப்போது.

இருவரும் ஒற்றுமையாக, ஒரு குறையும் இல்லாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, உடனே எடுக்கிறேன். அத்தையைப் பற்றிக் கேட்க வேண்டாம். விசா வந்த அன்று என்னிடம் கேட்டாயே, அதை மட்டும் இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா